ஆறு வளையம்

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை என்பார்கள்.
நான் வாங்கியது
பிராஸ் பசாவில், மூன்றாம் மாடிக் கடையில்,
கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த
பழுப்பு நிறத் திட்டக்குறிப்பேடு.
உறை தோல் இல்லை என்பது
விலையிலேயே தெரிந்தது:
இருபத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
அம்மாவிடம் பன்னிரண்டு என்றேன்.

உள்ளே ஆறு வளையம்.
நாக்கை அழுத்தினால்
டப்பென்று வாய் திறக்கும்.
மூடும்போது கடிக்கும்.
அந்த ஆண்டு முழுக்க
சுட்டுவிரல் நகத்தோரம் ஒரு நீலக் கன்றல்,
வேலைக்குப் போகிறவள் என்பதற்கு
அடையாள அட்டை மாதிரி.

அன்சன் சாலை அலுவலகத்தில்
சரக்குக் கப்பல்கள் வரும் நேரத்தைக் குறிப்பது என் வேலை.
கப்பல்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை.
ஆகவே பென்சில்.
கிளாங்கிலிருந்து ஒன்று, சிட்டகாங்கிலிருந்து ஒன்று,
செவ்வாயில் அழித்து வியாழனில் எழுதி
வியாழனிலும் அழித்து
தாள் அங்கே மட்டும் மெலிந்து
மறுபக்கத்து ஞாயிறு தெரிந்தது.

'இரு, எழுதிக்கொள்கிறேன்' என்பேன் எதற்கும்.
பக்கத்து மேசை ரொஸ்னானி சிரிப்பாள்.
மதியச் சாப்பாட்டுக்குக்கூடவா?
சாப்பாட்டுக்குத்தான் முதலில்.
எழுதிவிட்டால் எனக்கு
நடந்து முடிந்த மாதிரி,
நடப்பதற்கு முன்பே.

இப்போது தோ பாயோ புளோக்கை இடிக்கப்போகிறார்கள்.
அலமாரி உச்சியில், ஓடாத மின்விசிறியின் பெட்டிக்குள்,
இருபதாண்டுத் தூசியோடு அகப்பட்டது.
உறை பிசுபிசுக்கிறது.
கையில் ஒட்டிய பழுப்பு
சோப்புக்கும் போகவில்லை.

முகவரிப் பகுதியில் ஏழு இலக்க எண்கள்.
முன்னால் ஓர் ஆறு சேர்த்து அழைத்துப் பார்க்கலாம்தான்.
பேஜர் எண்களுக்குச் சேர்க்க ஒன்றுமில்லை.
எக்ஸ் எழுத்தில் தெரிந்தவர் யாரும் கிடையாது என்று
அங்கே கடன் கணக்கு:
முத்தழகு அக்கா ஐம்பது,
தம்பி இருபது, தம்பி இருபது,
தம்பி பதினைந்து.

'பல் டாக்டர்' என்று ஒரு வரி
ஏப்ரலில் கிளம்பி
வாரத்துக்கொரு அம்புக்குறியாக
ஆகஸ்ட் வரை நடந்திருக்கிறது.
பல்லைப் பிடுங்கியது நினைவிருக்கிறது.
அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

பிறகு, அக்டோபர் ஆறு, வியாழன்.
'6.15. சிட்டி ஹால். படிக்கட்டு.'
பேனாவில்.
இரண்டு முறை அடிக்கோடு.
பெயர் இல்லை.

தம்பி என் பையைக் குடைவான்,
அதனால்தான் எழுதாமல் விட்டேன்,
அதுவரை தெரிகிறது.
யாரை மறைத்தேன் என்பதுதான்
வரமாட்டேன் என்கிறது.
எங்கள் அலுவலகத்து ஆளா?
மாலை வகுப்பில் கணக்கியல் படித்தவரா?
தாளை முகர்ந்துகூடப் பார்த்தேன்.
பூஞ்சை.
போனேனா, காத்திருந்தேனா,
படிக்கட்டில் மேலே நின்றேனா கீழேயா?
மறுநாள் கட்டத்தில் ஒரே வரி:
'குடை வாங்க.'

பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த தனபாலன்
என்ன அது என்று கேட்டார்.
கப்பல் கணக்கு என்றேன்.
முப்பது வருஷம் கழித்தும்
வாய் எவ்வளவு தயாராக இருக்கிறது.

மூடினேன். டப்.
ஐந்து வளையம் சேர்ந்தன.
நான்காவது மட்டும்
ஒரு தலைமுடி நுழையும் அளவு திறந்தே நிற்கிறது.
எப்போதும் அப்படித்தான்,
எந்தத் தாளும் அங்கேதான் சிக்கிக் கிழியும்.
அக்டோபரின் ஓர் ஓட்டை
காதுபோல் அறுந்து தொங்குகிறது.

கடைசியில் வெறும் தாள்கள் மீதி இருந்தன.
ஒன்றை எடுத்து எழுதினேன்:
சனி, பத்து மணி, காராங் கூனி.
மின்விசிறி. ரேடியோ இரண்டு. பழைய பேப்பர்.
இந்தப் புத்தகம்.

பென்சிலில்தான்.